குளிர்காற்றைத் தடுப்போம், மூச்சுக்கு வழி விடுவோம்



மார்கழி, தை மாதங்களில் நீலகிரியிலோ கொடைக்கானலிலோ ஓர் இரவாவது தங்கியிருப்பவர்களுக்கு நாம் சொல்லப்போகிற குளிர் நன்றாகத் தெரிந்திருக்கும். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் அளவில் இருக்கிறது. ஜனவரி மாதத்தில் உதகையின் தாழ்வான பகுதிகளில், தலைக்குந்தா போன்ற இடங்களில், விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கு அது அழகான காட்சி. அங்கேயே குடியிருக்கும் ஏழைக் குடும்பத்துக்கோ அது தூக்கமற்ற இரவு.

உதாரணமாக, ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒரே அறை, அதை ஒட்டிச் சமையல் கட்டு. பலகைக் கதவு. ஒரு சன்னல், அதில் ஒரு கண்ணாடி விரிசல். வீட்டில் ஆஸ்துமா உள்ள பாட்டி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் மகள். பிறந்து இருபது நாளான பிள்ளை. இரவு பத்து மணிக்குமேல் கதவின் அடியிலிருந்து குளிர்காற்று காலில் கத்தி போல வந்து படுகிறது. பிள்ளைக்குக் குளிருமே என்று பாட்டி என்ன செய்கிறாள்? சமையல் கட்டிலிருந்து கரித்தணலை ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அருகில் வைக்கிறாள். பிறகு சன்னலை இறுக்கமாகச் சாத்துகிறாள்.

பாட்டி செய்வது அன்பினால்தான். ஆனால் அந்த வீட்டில் அன்று இரவு உயிருக்கு ஆபத்து குளிரினால் மட்டுமல்ல, அந்தச் சட்டியினாலும் வரலாம். ஆகவே இந்தக் கட்டுரையில் இரண்டு காரியங்களைச் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, கதவு சன்னல் இடுக்குகளில் வரும் குளிர்காற்றைக் குறைந்த செலவில் எப்படித் தடுப்பது. மற்றொன்று, எந்த வழியை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

இடுக்கு சிறியது, ஓட்டை பெரியது

“இந்தச் சின்ன இடுக்கில் என்ன பெரிய காற்று வந்துவிடப் போகிறது?” என்று நாம் நினைப்பதுண்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏழடி உயரம், மூன்றடி அகலமுள்ள ஒரு கதவின் நான்கு பக்கங்களையும் கூட்டினால் இருபது அடி, அதாவது 240 அங்குலம். தச்சர்கள் ஒரு அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். கதவைச் சுற்றி ஒரே ஒரு நூல் அளவு இடுக்கு இருந்தால், மொத்தம் 30 சதுர அங்குலத் திறப்பு ஆகிவிடுகிறது. ஐந்து அங்குலத்துக்கு ஆறு அங்குலம் அளவில் சுவரில் ஒரு ஓட்டை போட்டதற்குச் சமம்! அப்படி ஒரு ஓட்டையைச் சுவரில் கண்டால் அன்றைக்கே அடைத்துவிடுவோம். கதவைச் சுற்றிப் பரவிக் கிடப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை.

காற்று வெளியே வீசினால்தான் உள்ளே வரும் என்பதும் சரியல்ல. உறைபனி இறங்கும் இரவுகளில் வெளியே இலைகூட அசையாது. ஆனாலும் அறைக்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்று இலேசானது. அது மேலே ஏறி, கூரை இடுக்கு வழியாக வெளியேறும். அது விட்டுப்போன இடத்தை நிரப்ப, கனமான குளிர்காற்று கதவின் அடியால் உள்ளே இழுக்கப்படும். இரவில் முதலில் பாதம் குளிர்வதும், தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் கட்டிலில் படுப்பவர்களைவிட அதிகமாக நடுங்குவதும் இதனால்தான்.

குளிர் யாரை அதிகம் தாக்குகிறது?

திடமான உடல் உள்ளவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமாளித்துவிடுவார். பச்சிளங்குழந்தையால் அது முடியாது. அதன் உடல் சிறியது. உடலின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். ஆகவே சூட்டை விரைவில் இழந்துவிடும். குழந்தை பிறக்கும் அறை குறைந்தது 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்துடனும், குளிர்காற்று நேராகப் படாமலும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதியவர்களுக்கும், இருதய நோயாளிகளுக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் குளிர் கூடுதல் பாரமாகிறது. குளிர்ந்த காற்று மூச்சுக் குழாய்களைச் சுருங்கச் செய்யும். இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். குளிர் நாடுகளின் வீடுகளுக்குள் குளிர்காலத்தில் 18 டிகிரி வெப்பமாவது இருக்க வேண்டும் என்று அதே நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பரிந்துரைத்தது. நம் மலைகளில் அநேக வீடுகளில் ஜனவரி இரவில் அந்த அளவு வெப்பம் இருப்பதில்லை.

முதலில் கண்டுபிடியுங்கள்

காசு செலவழிக்குமுன், காற்று எங்கே புகுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு மூன்று எளிய வழிகள் உண்டு.

1. காற்று வீசும் மாலையில் ஒரு ஊதுவத்தியைப் பற்றவைத்து, கதவு சன்னல் ஓரமாக மெதுவாகக் கொண்டு செல்லுங்கள். புகை நேராக எழும்பினால் அந்த இடம் சரி. புகை சாய்ந்து கலைந்தால் அங்கே இடுக்கு இருக்கிறது. திரைச்சீலையில் நெருப்புப் பட்டுவிடாமல் கவனமாயிருங்கள்.

2. இரவில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் வெளியே நின்று டார்ச் லைட்டைக் கதவோரம் அடிக்கட்டும். உள்ளே வெளிச்சக் கோடு தெரியும் இடமெல்லாம் காற்றுக்கும் வழிதான்.

3. ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் கதவு அங்கே நிலையோடு பொருந்தவில்லை என்று அர்த்தம்.

கண்டுபிடித்த இடங்களில் சாக்கட்டியால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

செலவே இல்லாத வேலைகள்

பல கதவுகளில் குறை மரத்தில் இல்லை, கீலிலும் தாழ்ப்பாளிலும்தான் இருக்கிறது. கீலின் திருகாணிகள் தளர்ந்து, கதவு தொங்கிப் போயிருக்கும். திருகாணியைக் கழற்றி, அந்தத் துளையில் பசை தடவிய இரண்டு மூன்று தீக்குச்சிகளை (மருந்து முனையை உடைத்துவிட்டு) செருகி, மறுபடியும் முடுக்கினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தாழ்ப்பாள் போய் நுழையும் வளையத்தை ஒரு நூல் உள்தள்ளி அடித்தால், தாழிடும்போது கதவு நிலையோடு நெருங்கி நிற்கும். இந்த இரண்டினாலேயே பாதிக் காற்று நின்றுபோகிற வீடுகள் உண்டு.

அடுத்தது மணல் பை. கிழிந்துபோன பழைய பேண்ட்டின் ஒரு காலை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, உலர்ந்த மணலையும் துணிக் கழிவையும் கலந்து நிரப்பி மறுமுனையையும் தைத்துவிடுங்கள். ஒரு கால் நீளம் போதாவிட்டால் இரண்டைச் சேர்த்துத் தைக்கலாம். கதவின் அகலத்தைவிட நாலு அங்குலம் கூடுதலாக இருந்தால் நல்லது. இரவில் இதைக் கதவின் அடியோடு ஒட்டிப் போட்டுவிட வேண்டும். நெல் உமியோ தவிடோ நிரப்பினால் எலி வந்துவிடும். அவசரத்தில் காலால் தள்ளிவிடக்கூடிய எடையே போதும்.

மழையில்லாத உறைபனிக் காலத்தில், இரவில் திறக்கத் தேவையில்லாத சன்னலின் இடுக்குகளில் செய்தித்தாளை நெருக்கமாக மடித்துச் செருகலாம். அதன்மேல் மைதாப் பசையால் காகிதப் பட்டை ஒட்டிவிட்டால் காற்று நன்றாக நிற்கும். வசந்த காலத்தில் வெந்நீர்த் துணியால் நனைத்து உரித்துவிடலாம். மழைக்காலத்தில் இந்த முறை உதவாது. காகிதம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

சிறு செலவில் முடியும் வேலைகள்

கதவின் அடியில்: பழைய சைக்கிள் அல்லது லாரி டியூபை இரண்டு அங்குல அகலப் பட்டையாக வெட்டி, கதவின் உட்புறம் அடியில் வைத்து, அதன்மேல் மெல்லிய ரீப்பர் கட்டையைப் பிடித்துச் சிறிய ஆணிகளால் அடித்துவிடுங்கள். ரப்பர் தரையைத் தொட்டும் தொடாமலும் உரச வேண்டும். மடிந்து இழுபடக் கூடாது. டியூப் பஞ்சர் கடையிலேயே கிடைக்கும்.

கதவைச் சுற்றி: ஹார்டுவேர் கடைகளில் பசையுள்ள ஸ்பாஞ்சு நாடா சுருளாக விற்கிறார்கள். கதவு வந்து அமரும் நிலையின் ஓரத்தை உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் ஏறிய நடுப்பகலில் ஒட்ட வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் ஒரு வாரத்தில் விழுந்துவிடும். நாடா வாங்க வசதியில்லாதவர்கள் பழைய கம்பளியைக் கீற்றாக வெட்டி, சிறிய ஆணிகளால் அடித்துக்கொள்ளலாம். ஒன்றை மறவாதீர்கள்: பனிக்காலத்தில் மரம் உலர்ந்து சுருங்கும், மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும். ஜனவரியில் மிகவும் இறுக்கமாகத் திணித்துவிட்டால் ஜூலையில் கதவு மூடாது.

சன்னல் கண்ணாடியில்: பழைய சன்னல்களில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் மக்கு காய்ந்து உதிர்ந்திருக்கும். சாக்குப் பொடியையும் ஆளிவிதை எண்ணெயையும் சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்தால் அந்த மக்கு வீட்டிலேயே தயார். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, கத்தி முனையால் சரிவாக இழுத்துவிட வேண்டும். விரிசல் விட்ட கண்ணாடியை மாற்றும்வரை இருபுறமும் ஒட்டு நாடா ஒட்டி வைக்கலாம்.

நிலைக்கும் சுவருக்கும் இடையில்: அநேகர் கவனிக்கத் தவறும் இடம் இது. மரநிலை சுருங்கி, சுவரிலிருந்து அரை அங்குலம்கூட விலகியிருக்கும். அந்த இடத்தை நனைத்து, செங்கல் சில்லுகளைச் செருகி, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் கலந்து பூசிவிடுங்கள். தோட்டத்துக் குடியிருப்பாக இருந்தால் முதலில் எஸ்டேட் அலுவலகத்தில் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

திரைச்சீலை: இரண்டு பழைய கம்பளிகளைச் சேர்த்துத் தைத்து, கயிற்றிலோ கம்பியிலோ கோத்து, கதவுக்கு உட்புறம் தரையைத் தொடும்படி தொங்கவிட்டால் நல்ல பலன் உண்டு. இருபுறமும் அரை அடி கூடுதலாக இருக்கட்டும். சமையல் அடுப்புக்கு அருகில் இதைத் தொங்கவிடக் கூடாது.

புகைபோக்கி: உதகை, குன்னூர், கோத்தகிரியின் பழைய பங்களாக்களில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் உண்டு. நெருப்பு மூட்டாத நாட்களில் அறையின் சூடெல்லாம் அதன் வழியாக மேலே போய்விடும். செய்தித்தாள் திணித்த ஒரு சாக்கை உள்ளே செருகி அடைக்கலாம். ஆனால் சாக்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அடுப்பின் முன்னால் தெரியும்படி தொங்கவிடுங்கள். அதைப் பார்க்காமல் ஒருவர் நெருப்பு மூட்டிவிட்டால் பெரிய விபரீதமாகிவிடும்.

எந்தப் பக்கத்துச் சன்னலை முதலில் கவனிப்பது என்பது ஊரைப் பொறுத்தது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக அடிக்கும். மேற்குப் பக்கத்தை முதலில் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையின் சாரல் அதிகம். அங்கே கிழக்கும் வடக்கும் முக்கியம்.

ஒருபோதும் அடைக்கக் கூடாதவை

இனி, தயவுசெய்து மிகவும் கவனமாக வாசியுங்கள்.

முதலாவது, படுக்கையறைக்குள் கரித்தணல், கணப்புச் சட்டி, குமுட்டி அடுப்பு, விறகு அடுப்பு எதையும் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளியாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலும் இல்லை. புகை அடங்கிவிட்டது, தணல் மட்டும்தானே இருக்கிறது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து மிகுதி. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு உடலுக்குப் பிராணவாயு கிடைக்காது. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, அசதி வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. தூக்கத்திலேயே நினைவிழந்து இறந்துபோகலாம். மலைக்குச் சுற்றுலா வந்த இடத்தில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கி, காலையில் எழும்பாமல் போனவர்களைப் பற்றிய செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள்.

இடுக்குகள் நிறைந்த வீட்டில் பாட்டியின் தணல் சட்டி இத்தனை நாள் யாரையும் கொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் அந்த இடுக்குகள்தான். நாம் போய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, சட்டியை மட்டும் எடுக்காமல் வந்தோமானால், உதவி செய்யப் போய் உபத்திரவம் செய்தவர்களாவோம். ஆகவே எந்த வீட்டிலும் இடுக்கை அடைக்குமுன் சட்டியை வெளியேற்றுங்கள்.

இரண்டாவது, சமையல் கட்டின் கதவடியை அடைக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. சிலிண்டர் கசிந்தால் வாயு மேலே போகாது, தரையோடு தேங்கும். அது வெளியேறத் தரைமட்டத்தில் வழி வேண்டும். படுக்கும் அறைக்கும் சமையல் கட்டுக்கும் நடுவில் உள்ள கதவை இறுக்கமாக்குங்கள். சமையல் கட்டிலிருந்து வெளியே போகும் வழியை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அதிலிருந்தும் அதே நச்சு வாயு வரலாம். அதன் வென்டிலேட்டரில் அட்டை வைத்து அடைக்கவே கூடாது. கீசரைக் குளியலறைக்கு வெளியே பொருத்துவதே பாதுகாப்பு.

நான்காவது, ஒவ்வொரு படுக்கையறையிலும் கூரைக்கு அருகில் ஒரு வென்டிலேட்டராவது திறந்திருக்கட்டும். உயரத்தில் இருப்பதால் அதன் காற்று படுத்திருப்பவர்மேல் நேராகப் படாது. நாம் அடைப்பது உடலின்மேல் பாயும் காற்றை; மூச்சுக்கு வேண்டிய காற்றை அல்ல. காலையில் சன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால், சுவர் மூலையில் பூஞ்சணம் கறுத்தால், அளவுக்கு மீறி அடைத்துவிட்டோம் என்று அர்த்தம். வெயில் வந்ததும் கதவு சன்னல்களை நன்றாகத் திறந்து வையுங்கள்.

ஐந்தாவது, வீட்டில் காசநோயாளி இருந்தால் அவர் படுக்கும் அறையை அடைக்கவே வேண்டாம். அடைபட்ட அறையில்தான் கிருமி மற்றவர்களுக்கு எளிதில் பரவும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காசநோய்க்கென்று கட்டப்பட்ட சானடோரியங்கள் காற்றோட்டத்துக்கே முதலிடம் கொடுத்தன. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஆரோக்கியவரம் அக்காலத்தில் எழுந்த அப்படிப்பட்ட ஒன்று. சன்னல் திறந்திருக்கட்டும், நோயாளிக்குக் கூடுதலாக இரண்டு கம்பளி கொடுங்கள்.

அறையைவிட ஆளைச் சூடாக்குங்கள்

தணல் சட்டியை எடுத்துவிட்டால் இருபது நாள் பிள்ளைக்கு என்ன செய்வது? தாயின் உடலைவிட நல்ல கணப்பு இல்லை. 1978-இல் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகரில், எட்கர் ரே என்ற குழந்தை மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி வைத்துப் பராமரிக்கும் முறையைத் தொடங்கினார். இன்று அது கங்காரு பராமரிப்பு என்று உலகமெங்கும் வழங்குகிறது. தாய் விழித்திருக்கும் நேரமெல்லாம் பிள்ளையை மார்போடு அணைத்து, இருவரையும் சேர்த்துக் கம்பளி போர்த்திவிடலாம். பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும் இருக்கட்டும். முகம் மூடப்படக் கூடாது. பாட்டிக்குத் தலைக்கு ஒரு மஃப்ளர், காலுறை, படுக்குமுன் சூடாக ஏதாவது குடிக்க. பாய்க்கு அடியில் அட்டையோ பழைய சாக்கோ விரித்தால் தரைக் குளிர் ஏறாது.

நம்மில் பலர் ஆண்டுதோறும் டிசம்பரில் மலைப்பகுதிகளுக்குக் கம்பளி அனுப்புகிறோம். அது நல்ல காரியம், தொடர்ந்து செய்வோம். ஆனால் கதவடியில் காற்று பாயும் வீட்டில் ஒரு கம்பளி செய்யும் வேலை பாதிதான். அடுத்த முறை கம்பளிகளோடு ஒரு சுருள் ஸ்பாஞ்சு நாடாவும், நாலடி ரப்பர் பட்டையும், ஒரு பொட்டலம் ஆணியும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். சுத்தியல் பிடிக்கத் தெரிந்த வாலிபர் இரண்டு பேர் ஒரு சனிக்கிழமையில் நாலைந்து வீடுகளை முடித்துவிடலாம். போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “பாட்டி, ராத்திரி கணப்புக்கு என்ன வைக்கிறீர்கள்?”

அந்தக் கேள்விக்கு வரும் பதிலைக் கேட்டபிறகு ஆணி அடியுங்கள். தணல் சட்டி முற்றத்துக்குப் போகட்டும். ரப்பர் பட்டை கதவடிக்கு வரட்டும். கூரையோரத்து வென்டிலேட்டர் திறந்தே இருக்கட்டும். அந்த ஒரே அறைக்குள் பாட்டியும் மகளும் பிள்ளையும் இரவு முழுவதும் குளிரின்றித் தூங்கி, காலையில் மூவரும் சுகமாய் எழும்புவார்கள்.